ஏலக்கூடத்தின் தெற்கு ஷட்டர்

போன வாரப் பயிற்சி வகுப்பில் உங்களுக்கு ஒரு புகைப்படம் காட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். புயல் கரை கடந்த மறுநாள் எடுத்த படம். தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடக்க, நடுவில் ஒரு மீன் ஏலக்கூடம் மட்டும் கூரைத் தகடு ஒன்றுகூடக் கழலாமல் நிற்கும். "இந்தக் கூடத்துக்குள்ள எண்பது பேர் இருந்தாங்க, ஒருத்தர் மேலயும் ஒரு கீறல் இல்ல" என்று சொல்லிவிட்டு, அன்றைக்குப் பொறுப்பில் இருந்தவன் என்று என் பெயரையும் சொன்னார்களாம். நீங்களும் கைதட்டினீர்களாம். மறுநாளே உங்களில் ஒருவர் போன் செய்து, நேரில் வந்து அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்று அழைத்தார்.

ஓய்வு பெற்ற உதவிப் பொறியாளனுக்கு வேறென்ன வேலை, வந்துவிட்டேன். சூத்திரங்களை நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்திருப்பீர்கள். காற்றின் விசை, அழுத்தம், வேகம் என்று தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கிய முகங்கள் இங்கே இரண்டு தெரிகின்றன. நான் அப்படிப் படித்தவன் இல்லை. கடலாடிப் பக்கம் வானம் பார்த்த பூமியில் பிறந்தவன். எங்களுக்குக் காற்று என்றால் நெல் தூற்றுவதற்கு வர வேண்டியது, அவ்வளவுதான். மீதியை எல்லாம் தப்பு செய்துதான் தெரிந்துகொண்டேன்.

முதல் தப்பைச் சொன்னால்தான் அடுத்தது உங்களுக்குப் புரியும். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு கிராமத்தில் ரேஷன் அரிசி வைக்கும் கிடங்குக்குத் தகரக் கூரை போட்டேன். தகட்டைக் கீழே உள்ள இரும்புச் சட்டத்தோடு பிடித்துக் கட்டுகிற கொக்கி போல்ட்டுகள் பாதிதான் வந்து சேர்ந்திருந்தன. தகடு மாட்டுகிற பிட்டர், மீதி வரும்வரை காத்திருக்கலாம் என்றார். எனக்கு அவசரம். இருக்கிற போல்ட்டை ஒரு துவாரம் விட்டு ஒரு துவாரத்தில் மாட்டச் சொல்லிவிட்டு, கூரைமேல் வரிசையாக மணல் மூட்டைகளை ஏற்றி வைத்தேன். ஊரில் எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள். பார்ப்பதற்கும் தைரியமாக இருந்தது.

கோடை மழைக்கு முன்னால் வருமே ஒரு காற்று, அது வந்த சாயங்காலம் கூரை மூட்டைகளோடு எழும்பிப்போய் அடுத்த மிளகாய்க் காட்டில் விழுந்தது. நல்லவேளை, அங்கே ஆள் இல்லை. பலத்த காற்று கூரையைத் தள்ளிவிட்டது என்று அறிக்கை எழுதினேன். அப்போது எனக்கு மேலே செயற்பொறியாளராக ஒரு அம்மா இருந்தார். அதிகம் பேச மாட்டார். அறிக்கையைப் படித்துவிட்டு ஜீப்பை எடுக்கச் சொல்லி இடத்துக்கே வந்துவிட்டார்.

"காத்து தள்ளுச்சுன்னு எழுதியிருக்கீங்க. மேல இருந்து தள்ளியிருந்தா கூரை எங்க விழுந்திருக்கும்?"

"கிடங்குக்குள்ள விழுந்திருக்கும் மேடம்."

"மிளகாய்க் காட்டுல ஏன் கிடக்கு?"

அவர் குச்சியை எடுத்து மண்ணில் படம் போட்டார். காற்று சுவரில் மோதிக் கூரைமேல் ஏறித் தாண்டும்போது அதன் வேகம் கூடுகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. கூரைக்கு மேலே அழுத்தம் குறைந்தால், கீழே அடைந்து கிடக்கிற காற்று கூரையைத் தூக்கும். ஓரங்களிலும் மூலைகளிலும்தான் இழுப்பு மிக அதிகம். "கூரை விழாதுங்க, பறக்கும். பறக்கிறதுமேல பாரத்தை வச்சு என்ன பிரயோஜனம்? கட்டிப் போடணும்" என்றார். அடுத்து, அன்றைக்குக் கிடங்குக் கதவு எந்தப் பக்கம் திறந்திருந்தது என்று கேட்டார். காற்று வந்த பக்கம்தான். "அப்ப உள்ளயும் காத்தை ஊதி விட்டிருக்கீங்க. மேல இழுப்பு, கீழ இருந்து தள்ளு. இனிமே எங்க போனாலும் காத்து வர்ற பக்கத்தை மூடுங்க, போற பக்கத்தைத் திறங்க. காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா விசை நாலு மடங்காகும், அதையும் ஞாபகம் வச்சுக்குங்க." அலுவலகம் திரும்பியதும் மெமோவும் கொடுத்தார். பாடம் மனதில் தங்கியதற்கு மெமோவும் ஒரு காரணம்.

இனி அந்தக் கூடத்துக்கு வருகிறேன். புதுமடத்துக்கும் பெரியபட்டினத்துக்கும் இடையில் உள்ள ஒரு சிறிய குடியிருப்பு. ஊர்ப் பெயர் வேண்டாம். அந்தக் கரையில் கடல் தெற்கே இருக்கும். மீன் கூடைகளைத் தூக்கிக்கொண்டு நேராக உள்ளே வர வசதியாக, கூடத்தின் தெற்குச் சுவரில் பாதியை எடுத்து இருபதடி அகலத்துக்கு ஒரு சுருள் ஷட்டர் வைத்தேன். வடக்கே ரோட்டுப் பக்கம் ஒற்றைக் கதவு. இந்தத் தடவை ஒரு போல்ட்டையும் விடவில்லை. துவாரத்துக்குத் துவாரம் நானே ஏறிப் பார்த்தேன்.

புயல் எச்சரிக்கை வந்தபோது நான் ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருந்தது. அந்தக் கூடத்தைத் தங்குமிடமாக அறிவித்து, என்னைப் பொறுப்பு அலுவலராகப் போட்டார்கள். கரையை விட்டு உள்ளே தள்ளிப் போனால் பள்ளிக்கூடம் இருந்தது. ஆனால் கரையோரம் நங்கூரத்தில் கிடக்கிற மீன்பிடி போட்டுகளை விட்டு அவ்வளவு தூரம் போக ஜனங்களுக்கு மனமில்லை. எண்பது பேர் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். துணைக்கு வாட்ச்மேன் காளிமுத்து.

காலையில் புயல் எங்களுக்குக் கிழக்கே இருந்தது. காற்று வடக்கிலிருந்து, தரைப்பக்கமிருந்து அடித்தது. நான் வடக்குக் கதவை மூடி, அதற்கு முட்டுக்கொடுத்து ஐஸ் பெட்டிகளை அடுக்கச் சொன்னேன். கடல் பக்கத்து ஷட்டரை முழுதாகத் தூக்கிவிட்டேன். ஜனங்களுக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. ஜமீலா என்று ஒரு பெண், முப்பது வயதிருக்கும், நேராக என்னிடம் வந்து கேட்டாள்.

"புயலுக்கு வந்து ஒதுங்கியிருக்கோம். இம்புட்டுப் பெரிய ஷட்டரத் திறந்து போட்டிருக்கீகளே சார்?"

"காத்து வடக்க இருந்து வருதும்மா. தெற்க திறந்து கிடந்தா உள்ள இருக்கிற காத்து அந்த வழியா இழுபட்டுப் போயிரும். கூரை அமுங்கி உட்காரும். மூடுனாத்தான் ஆபத்து."

அவள் கொஞ்சம் யோசித்தாள். கூரையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். தகடு ஒன்றும் அடித்துக்கொள்ளவில்லை. வெளியே அவ்வளவு காற்று, உள்ளே சேலைத் தலைப்பு பறக்கவில்லை. பிறகு அவளே போய் மற்றப் பெண்களுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தாள். "மூடுனாத்தான் ஆபத்தாம், சார் சொல்றாக." எனக்குப் பெருமையாக இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. முப்பது வருட சர்வீஸில் நான் சொன்ன கணக்கை ஒருவர் புரிந்துகொண்டு இன்னொருவருக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஜமீலாவின் கணவர் சாகுல் சில வருடம் சவுதியில் லாரி ஓட்டிவிட்டு வந்து, அந்தச் சம்பாத்தியத்தில் ஒரு பைபர் போட்டை வாங்கியிருந்தார். மெலிந்த உடம்பு, எதற்கும் ஒரு சிரிப்பு. காலை முழுக்க ஷட்டர் ஓரத்தில் நின்று, நங்கூரத்தில் ஆடிக்கொண்டிருந்த போட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் இரண்டு மணி வாக்கில் காற்று நின்றது. குறைந்தது என்று சொல்லவில்லை, நின்றேவிட்டது. மழையும் விட்டு, லேசாக வெயில்கூட அடித்தது. ஜனங்கள் அல்லாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டு எழுந்தார்கள். புயலின் நடுப்பகுதி எங்கள்மேல் வந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். எல்லோரையும் உட்காரச் சொன்னேன்.

"முடியல. இது பாதிதான். இந்தக் காத்து வட்டமாச் சுத்துறது. நடு தாண்டுனதும் எதிர்ப்பக்கம் அடிக்க ஆரம்பிக்கும். இம்புட்டு நேரம் வடக்க இருந்து வந்துச்சுல்ல, இனி தெற்க இருந்து வரும்."

நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. சாகுல்தான் முதலில் புரிந்துகொண்டார்.

"தெற்க இருந்து வந்தா போட்டு பூராம் கரையில வந்து மோதிரும்ல சார்? வடக்குக் காத்துக்குல்ல நங்கூரம் போட்டிருக்கோம்."

"ஆமா, மோதும்."

"அப்ப இப்பவே மேல இழுத்துப் போட்றணும்."

எட்டுப் பேர் கிளம்பிவிட்டார்கள். நான் தடுத்திருக்கலாம். பொறுப்பு அலுவலர் நான், வெளியே போகக்கூடாது என்று ஒரு அதட்டல் போட்டிருந்தால் நின்றிருப்பார்களோ என்னவோ. வருடக்கணக்கில் பாலைவனத்தில் வண்டி ஓட்டி வாங்கிய போட்டை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இருபது நிமிஷத்துல வந்துரணும்" என்றேன். அந்த இருபதை எந்தக் கணக்கிலிருந்து எடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கருவி எதுவும் என்னிடம் இல்லை. புயல் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதும் தெரியாது. ஒரு எண்ணைச் சொன்னால் அலுவலர் மாதிரி இருக்கும், அதனால் சொன்னேன்.

இருபது நிமிடத்துக்கு முன்பே தெற்கே கடல் கறுத்தது. ஏழு பேர் ஓடி வந்தார்கள். சாகுல் எங்கே என்றேன். "இன்ஜினக் கழட்டிட்டு வாரேன்னான் சார், பின்னாடியே வந்துருவான்" என்றார்கள்.

அவர்கள் உள்ளே வந்து மூச்சு வாங்குவதற்குள் காற்று வந்துவிட்டது. காலையில் எங்களைக் காப்பாற்றிய அதே ஷட்டர் இப்போது காற்று வருகிற வாசல். வடக்கே கதவு மூடி, ஐஸ் பெட்டியும் அடுக்கிக் கிடக்கிறது. உள்ளே வந்த காற்றுக்குப் போக வழியில்லை. என் காது அடைத்தது. ஊதின பலூனுக்குள் நிற்பது போல இருந்தது. தலைக்கு மேலே தகடுகள் ஒன்றோடொன்று அடிக்க ஆரம்பித்தன. தென்மேற்கு மூலையில் ஒரு போல்ட் தெறித்துத் தரையில் விழுந்து உருண்டது.

"காளிமுத்து, வடக்குக் கதவத் திற. பெட்டிய எடு. மத்தவுக எல்லாம் வாங்க, ஷட்டர இறக்கணும்."

காளிமுத்து திகைத்து நின்றான். "காலையில மூடுனா ஆபத்துன்னீகளே சார்" என்றான். அவனுக்கு விளக்கம் சொல்ல நேரமில்லை; தோளைப் பிடித்து வடக்கே தள்ளினேன், ஓடிப்போய்ப் பெட்டிகளை எடுக்க ஆரம்பித்தான். ஜமீலா ஷட்டருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

"அவுக வெளிய இருக்காக சார்."

"வடக்குக் கதவு திறந்திருக்கும்மா. சுத்தி வந்துருவாரு."

"அவுகளுக்கு எப்படித் தெரியும்? இந்த வழியாப் போனவுக இந்த வழியாத்தான வருவாக? செத்த நேரம் பொறுங்க சார். நீங்கதான மூடக்கூடாதுன்னு சொன்னீக."

அவள் கேட்டது கொஞ்ச நேரம் மட்டும்தான், அதுவும் என்னிடம் இல்லை. காற்று திரும்பிவிட்டது, கணக்கும் திரும்பிவிட்டது என்று அவளிடம் கத்தினேன். அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை. இன்னொரு போல்ட் தெறித்தது. இரண்டு பெண்கள் அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். ஆறு ஆண்கள் தொங்கி ஷட்டரை இறக்கினார்கள். காற்றில் அது அங்குலம் அங்குலமாகத்தான் இறங்கியது. தரையைத் தொட்டதும் நான் இரண்டு பக்கமும் பூட்டுக் கம்பியைத் தள்ளிவிட்டு, முதுகை ஷட்டரில் அண்டக் கொடுத்து நின்றேன். மேலே தகடுகளின் சத்தம் குறைந்தது. காதடைப்பு விட்டது. கூரை உட்கார்ந்துவிட்டது என்று தெரிந்தது.

காளிமுத்து வடக்கு வாசலில் நின்று சாகுல் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தான். தெற்கே நிற்கிறவர் காதுக்கு அந்தக் காற்றில் அது போகாது.

கொஞ்ச நேரத்தில் ஷட்டரில் சத்தம் கேட்டது. ஜமீலா திமிறிக்கொண்டு வந்தாள். "அவுகதான் சார், அவுகதான் தட்டுறாக. ஒரு ஆளு நுழையிற அளவுக்குத் தூக்குங்க சார்."

"காத்தும்மா" என்றேன். "காத்துல ஷட்டர் அடிக்குது."

ஒரு அடி தூக்கியிருந்தால் மறுபடி இறக்கியிருக்க முடியாது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அடியில் பிடித்துக் காற்று அதைச் சுருட்டி எறிந்திருக்கும். அதற்குப் பிறகு கூரை எத்தனை நொடி தாங்கியிருக்கும்? சத்தம் கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. ஜமீலா தரையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அடித்துவிட்டுக் காற்று தணிந்தது. சாகுலைக் கூடத்தின் தென்மேற்கு மூலையில் கண்டெடுத்தோம். ஷட்டரிலிருந்து பத்து எட்டு தூரம் இருக்கும். பக்கத்து ஐஸ் கொட்டகையின் தகரம் ஒன்று பறந்து வந்து கழுத்தில் வெட்டியிருந்தது. அவர் சுற்றித்தான் வந்துகொண்டிருந்தார், நான் சொன்ன மாதிரியே. கட்டடத்தில் மோதும் காற்று மூலையில்தான் மிக வேகமாக வளைந்து ஓடும் என்பது எனக்குத் தெரியும். சுற்றி வரட்டும் என்று சொன்னவனும் நான்தான்.

அறிக்கையில் கட்டடச் சேதம் என்ற இடத்தில் இல்லை என்று எழுதினேன். அவர் கூடத்துக்கு வெளியே இறந்ததால் தங்குமிடக் கணக்கில் வரவில்லை. பாராட்டுக் கடிதம் வந்தது. அதுதான் உங்களுக்குக் காட்டிய படமாக ஆகியிருக்கிறது.

எண்பது பேரைக் காப்பாற்றினேனா என்றால், சத்தியமாகத் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இதே வேலையாகிவிட்டது. அந்தக் கூரையின் அளவு, போல்ட்டின் பலம், திறப்பின் அகலம், எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறேன். அந்த இடத்தில் காற்றின் வேகத்தை யாரும் அளக்கவில்லை. ஒரு வேகத்தை வைத்தால் கூரை பறக்கிறது. அதைவிடக் கொஞ்சம் குறைத்து வைத்தால் ஷட்டர் திறந்திருந்தும் கூரை நிற்கிறது, சாகுல் உள்ளே வந்துவிடுகிறார். நோட்டு நோட்டாகப் போட்டாயிற்று. பறந்த கூரை மிளகாய்க் காட்டில் கிடந்து சாட்சி சொல்லியது. பறக்காத கூரையிடம் நான் எதைக் கேட்பது?

உங்களுக்கும் ஒரு நாள் இப்படி ஒரு ஷட்டர் வாய்க்கும். இயற்பியல் சரியாகவே இருக்கும். காலையில் நான் சொன்னது சரி, மதியம் சொன்னது சரி, மூடச் சொன்னதும் சரி. அந்த ஒவ்வொரு சரியும் அவரை ஒரு எட்டு வெளியே தள்ளியது. இதற்கு என்ன பாடம் என்று என்னைக் கேட்காதீர்கள். இருந்தால் முதலில் நான் வைத்துக்கொண்டிருப்பேன். வடக்கிலும் ஒரு அகலக் கதவு வையுங்கள் என்று சொல்லலாம். சுற்றறிக்கைகூட எழுதி அனுப்பினேன். அதற்குப் பிறகு அந்தக் கரையில் எழும்பிய இரண்டு கூடங்களிலும் ஒற்றைக் கதவுதான்.

சாகுலுக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதியபோது அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை, டீ கொடுத்தார்கள். கிளம்பும்போது ஜமீலா, துக்கம் காக்கிற நாள் என்பதால் வெளியே வராமல், கதவுக்குப் பின்னால் நின்றபடியே பேசினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். அன்னைக்கி ஷட்டர்ல கேட்டுச்சே, அது அவுக கையா, காத்தா?"

"காத்துதாம்மா" என்றேன். காற்று விட்டு விட்டு வீசும், அப்போது தகடு முன்னும் பின்னும் ஆடி அடிக்கும் என்று விளக்கமும் சொன்னேன். சாகுல் ஷட்டர் பக்கமே வரவில்லை, நேராக வடக்கு வாசலுக்குத்தான் வந்துகொண்டிருந்தார் என்றேன். அவள் புயலன்று காலையில் கேட்டது போலவே கவனமாகக் கேட்டாள். "நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்" என்றாள்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், அது பொய். வெளியே அவ்வளவு அழுத்தமும், உள்ளே வடக்குக் கதவு திறந்து காற்று இழுபடுவதுமாக இருக்கும்போது ஷட்டர் ஆடாது. உள்பக்கமாக வளைந்து, இரண்டு ஓரத் தடத்திலும் இறுகிப்போய், ஒரே சீராக முனகிக்கொண்டிருக்கும். நான் அதில் முதுகை வைத்துத்தான் நின்றேன். அந்த முனகலுக்கு நடுவில், என் தோள் உயரத்தில், ஒரு கை மூன்று தடவை தட்டி நின்று, மறுபடி மூன்று தடவை தட்டியது.